உளியின் நுனியில் ஒரு புலன்

சித்திரை மாதத்து நள்ளிரவு. வீட்டுக் கூடத்தில் ‘பட்’டென்று ஓர் ஒலி எழுந்தது. விளக்கேற்றிப் பார்த்தேன். ஐந்து மாதங்களுக்கு முன், கார்த்திகை மழையில், என் கையால் செய்துவைத்த தேக்குப் பெட்டியின் மூடி நெடுக்காகப் பிளந்து கிடந்தது. அதை எவரும் தொடவில்லை. அதன்மேல் சுமை ஏதும் இல்லை. ஓரடி அகலமுள்ள ஒரே பலகை அது. வளைந்துவிடக் கூடாதே என்று அடிப்புறத்தில் குறுக்காக இரண்டு சட்டங்களை வைத்துப் பசையிட்டு, ஆணியும் அறைந்திருந்தேன். இயற்பியல் கற்பிப்பவன் நான். பொருள்கள் விரிவதையும் சுருங்குவதையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்தவன். அந்த அறிவு என் விரல்வரை வந்து சேரவில்லை என்பதை அந்த ஒலி எனக்குச் சொல்லிற்று.

மறுநாள் மூடியைக் காரைக்குடிப் பக்கம் அறைகலன் செய்யும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பெரிய ஆசாரி பிளவின்மேல் பெருவிரலை ஓட்டினார். மூடியைத் திருப்பிக் குறுக்குச் சட்டங்களைப் பார்த்தார்.

“மரத்தக் கட்டிப் போட்டுட்டீங்களே தம்பி. அது மூச்சு விட வேணாமா?”

கற்றுத்தருவீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் என் கைகளைப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம வாங்க. பேனா பிடிச்ச கை, பழக நாளாகும்” என்றார். இரண்டு ஆண்டு ஞாயிறுகள் அந்தப் பட்டறையில் கழிந்தன. மின்கருவி ஏதும் தொடாமல் உளி, இழைப்புளி, கைவாள், கொட்டாப்புளி இவற்றைக் கொண்டே பயின்றேன். அங்கே நான் கண்ட அறிவியலைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரம் மூச்சுவிடும் என்பதை முதலில் உவமையாகவே எடுத்துக்கொண்டேன். பட்டறையில் அது நடைமுறைச் செய்தி. நன்கு சீவிய தேக்குத் துண்டொன்றின் குறுக்குவெட்டு முகத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், வைக்கோல் தாள்களை இறுக்கிக் கட்டி நிறுத்தியதுபோல நுண்குழல்கள் வாய்திறந்து நிற்கும். வேர் உறிஞ்சிய நீர் இலைக்கு ஏறிய வழிகளும், மரத்தைத் தாங்கிநின்ற நார்களும் அவை. ஒவ்வொரு குழலின் சுவரும் செல்லுலோசு என்னும் பொருளின் நுண்ணிழைகளால் ஆனது. இலிக்னின் என்னும் மற்றொரு பொருள் அவ்விழைகளைப் பிணைத்து இறுக்குகிறது. சுவரின் தடித்த நடு அடுக்கில் இந்த நுண்ணிழைகள் மரத்தின் நெடுக்குவாட்டத்தை ஒட்டி, சற்றே சாய்ந்து சுற்றியபடி ஓடுகின்றன. தச்சுக்கலையின் விதிகளில் பாதியை இந்த ஒரு செய்தியிலிருந்து வருவித்துவிடலாம்.

காற்றின் ஈரம் சுவருக்குள் புகும்போது நீர் நுண்ணிழைகளுக்கு இடையே நுழைந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. இழைகளின் நீளம் மாறுவதில்லை. ஆதலால் மரம் குறுக்கே பருக்கும், குறுக்கே சுருங்கும்; நெடுக்கே அசையாது என்றே சொல்லலாம். பச்சை மரம் முற்றிலும் உலர்ந்து முடியும்வரை அதன் நீளத்தில் குறைவது 0.1 முதல் 0.2 விழுக்காடுதான். தேக்கு மரம் நடுமையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாட்டில் 2.5 விழுக்காடு சுருங்குகிறது. ஆண்டுவளையங்களை ஒட்டிய வாட்டத்திலோ 5.8 விழுக்காடு. மையத்திலிருந்து பட்டைக்கு ஓடும் கதிர்த்திசுக்கள் கட்டுக்கம்பிகள்போல ஆரவாட்டச் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்துவது இந்த வேறுபாட்டிற்கு ஒரு காரணம்.

வெட்டிய மரத்திலிருந்து வெளியேறும் நீர் அனைத்தும் சுருக்கத்தைத் தருவதில்லை. குழல்களின் உள்ளே தேங்கிய நீர் முதலில் போகும். அப்போது எடை குறையும், அளவு குறையாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகே சுவர்களுக்குள் கட்டுண்ட நீர் விலகத் தொடங்கும். சுருக்கமும் அங்கேதான் தொடங்கும். அதன்பின் மரம் என்றைக்கும் ஓய்வதில்லை. நூறாண்டு பழைய கதவும் கூட மழைக்காலக் காற்றிலிருந்து ஈரம் வாங்குகிறது. கோடையில் திருப்பிக் கொடுக்கிறது. ஆசாரி சொன்ன மூச்சு இதுதான்.

என் மூடிக்கு நேர்ந்ததைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மழைக்காலத்தில் அதில் 15 விழுக்காடு ஈரம் இருந்தது என்றும், சித்திரை வெயிலில் 10 விழுக்காட்டுக்கு இறங்கியது என்றும் கொள்வோம். 300 மில்லிமீட்டர் அகலம். வளையவாட்டில் அறுத்த பலகை என்றும் கொள்வோம். 30 விழுக்காடு ஈரம் இழந்தால் 5.8 விழுக்காடு சுருக்கம் என்றால், ஐந்து விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர். குறுக்குச் சட்டங்களோ நெடுக்கு நார் கொண்டவை; அவை சுருங்க மறுத்தன. சுருங்க முயன்ற பலகையை ஆணிகள் இருபுறமும் பற்றி இழுத்தன. நார்களுக்கு இடையேயான பிணைப்புதான் மரத்தின் மிக மெலிந்த இடம். பலகை அங்கே விட்டுக்கொடுத்தது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆசாரியிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. “ஓரடிப் பலகைக்கு ஒரு நூல் விடணும்” என்றார். தச்சர் வழக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். நான் அரைமணி நேரம் எண்களோடு போராடி அடைந்த விடை அவருடைய பட்டறையில் தலைமுறைகளாக ஒரு சொல்லாக வழங்கிவந்திருக்கிறது. அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் தணியவில்லை.

செட்டிநாட்டு வீடுகளின் பெருங்கதவுகளைப் பார்ப்பவர்கள் அவற்றின் செதுக்கு வேலையைக் கண்டு மயங்குவார்கள். நகரத்தார் பர்மாவிலிருந்து கடல்வழி கொணர்ந்த தேக்கு அது. செதுக்கலை விட்டுவிட்டு, சட்டங்களுக்கு நடுவே பொருத்திய பலகைகளை நோக்குங்கள். நாற்புறச் சட்டங்களின் உட்பக்கத்தில் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் பலகையின் விளிம்பைச் செருகியிருப்பார்கள். பசை இராது, ஆணி இராது. பலகை தன் காடிக்குள் விரியவும் சுருங்கவும் இடம் பெற்றிருக்கிறது. கதவின் வெளியளவோ குறுகிய சட்டங்களின் அகலத்தால் அமைவதால் பெரிதும் மாறுவதில்லை. உறுதியாக நிற்க வேண்டிய பகுதி எது, அசையவிட வேண்டிய பகுதி எது என்று பிரித்தறிந்த அமைப்பு அது. ஐப்பசி மழையில் கதவு சற்றே இறுகும், பங்குனியில் இளகும், பிளக்காது.

மரத்தை இவ்வாறு உள்ளமைப்பால் நோக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் உட்புறத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லின்பாற்படும். தேக்கும் வேங்கையும் மரம். இன்றைய தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. வெட்டிப் பார்த்தவன் கையிலிருந்து பிறந்த பாகுபாடு இது என்று நான் நம்புகிறேன். பனையைப் பிளந்தால் புறத்தே கல்லாகவும் உள்ளே சோறாகவும் இருப்பதைக் கோடரி பிடித்த கை முதல் வெட்டிலேயே உணர்ந்துவிடும்.

முதல் மூன்று ஞாயிறுகளில் எனக்கு மரம் தரப்படவில்லை. ஓர் உளியும் தீட்டுக்கல்லும் தந்தார்கள். உளியின் முதுகு தட்டையாக வேண்டும். முகச்சாய்வு 25 பாகையில் அமைய வேண்டும். விளிம்பு மட்டும் அதைவிடச் சற்று எழும்பி 30 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடுதான் கூர். வடிவவியலில் கோட்டுக்குத் தடிமன் இல்லை, எஃகில் உண்டு. அந்தத் தடிமனைக் குறைப்பதே தீட்டும் தொழில்.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 20 மில்லிமீட்டர் அகல உளியைப் பத்துக் கிலோ எடையளவு விசையால் தள்ளுகிறோம். விளிம்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்றால், அந்த விளிம்பின்கீழ் எழும் அழுத்தம் நம்மைச் சூழ்ந்த காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 25,000 மடங்கு. விளிம்பு பத்து மடங்கு மழுங்கினால் அழுத்தம் பத்தில் ஒன்றாகும். மழுங்கிய உளி நார்களை அறுக்காது, நசுக்கும். நசுக்குவதற்குக் கூடுதல் விசை வேண்டும். கூடுதல் விசை கொடுக்கும் கை கட்டுப்பாட்டை இழக்கும். பட்டறையில் விரலை வெட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் மழுங்கிய உளி பிடித்தவர்கள்தாம் என்று ஆசாரி சொல்வார். என் இடக்கைச் சுட்டுவிரலிலும் அதற்கொரு சான்று உண்டு.

கூரைச் சோதிக்க அவர் எனக்குக் கற்பித்த முதல் வழி, உளியின் விளிம்பை வாசல் வெளிச்சத்தில் நேருக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது. மழுங்கிய விளிம்பு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். தீட்டத் தீட்ட அக்கோடு மெலிந்து, இடையிடையே அறுந்து, இறுதியில் மறையும். விளிம்பின் உருட்சி ஒளியைக் கண்ணுக்குத் திருப்பித்தரும் அளவுக்கு அகலமாக இருக்கும்வரை அது தெரியும்; அதைவிட நுண்ணியதாகிவிட்டால் கண்ணுக்கு அகப்படாது. கூர் என்பது தெரிவதில்லை, மழுங்கல்தான் தெரிகிறது. ஒளியியலை இவ்வளவு நேரடியாகப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடங்களை நான் அதிகம் கண்டதில்லை.

தீட்டும்போது விளிம்பின் மறுபுறத்தில் மெல்லிய பிசிறு எழும். நகத்தால் தடவினால் தடுக்கும். பிசிறு விளிம்பு முழுவதும் எழுந்துவிட்டது என்றால் கல் விளிம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். பிறகு முதுகைக் கல்லில் தட்டையாக வைத்து அதை எடுத்துவிட வேண்டும். நான் முதல் நாள் பிசிறு எழுமுன்பே நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் தீட்டியும் கூர் வரவில்லையே என்று திகைத்தேன். எத்தனை முறை தேய்த்தோம் என்பதைக் கல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கூரைத் தாங்கும் எஃகின் கதை தனிச்சுவை உடையது. இரும்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கரிமம் கலந்தால் உளிக்குரிய எஃகு. அதைச் செம்மை ஒளிரக் காய்ச்சினால், 727 பாகை செல்சியசுக்கு மேல் இரும்பின் அணுக்கள் தம் அடுக்குமுறையை மாற்றிக்கொண்டு கரிம அணுக்களுக்குத் தம்மிடையே இடங்கொடுக்கின்றன. மெல்ல ஆறவிட்டால் கரிமம் மீண்டும் வெளியேறிவிடும். சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. கரிமம் உள்ளேயே சிறைப்படும். இரும்பின் அடுக்கு கோணலாக இழுபட்டு நிற்கும். செருமானிய அறிஞர் அடால்ப் மார்ட்டென்சின் பெயரால் மார்ட்டென்சைட்டு என வழங்கும் இந்த நிலை மிகக் கடினமானது. கண்ணாடிபோல் நொறுங்கவும் கூடியது. ஆகவே கொல்லர் அதை மீண்டும் சிறிதளவு சூடேற்றுவார். தேய்த்து வெளுத்த எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும். ஏறத்தாழ 220 பாகைக்கு அது அடையாளம். மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் ஒளி குறுக்கிட்டுத் தோன்றும் நிறம் அது. நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவதும் இதே முறையில்தான். நிறம் வைக்கோலைத் தாண்டி நீலத்துக்குப் போனால் அந்த எஃகு சுருள்வில்லுக்கு ஆகும், உளிக்கு ஆகாது. வெப்பமானி இல்லாத காலத்தில் நிறமே வெப்பமானி.

இத்தனை பாடுபட்டு ஆக்கிய கூரைத் தேக்கு விரைவில் தின்றுவிடும். அதன் திசுக்களில் மணலின் வேதிப்பொருளான சிலிக்கா நுண்துகள்களாகப் படிந்திருக்கிறது. தேக்கில் அரைநாள் வேலை செய்தால் இரண்டு மூன்று முறை கல்லுக்குத் திரும்ப வேண்டும். அதே மரத்தின் எண்ணெய்ப்பசைதான் அதைக் கறையானிடமிருந்தும் காக்கிறது. உலகம் அந்த மரத்தை நம் சொல்லாலேயே அழைக்கிறது: தேக்கு என்பதைப் போர்ச்சுக்கீசியர் தேக்கா என்று கொண்டுபோக, அதுவே ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் பரவிற்று.

நான்காம் ஞாயிறு இழைப்புளி கைக்கு வந்தது. ஒரு தேக்குத் துண்டைப் பணிமேடையில் இறுக்கிக் கொடுத்து இழைக்கச் சொன்னார். வலமிருந்து இடமாகத் தள்ளினேன். சுருள்சுருளாகச் சீவல் வந்தது. பலகையைத் திருப்பிப்போட்டு மறுமுனையிலிருந்து தள்ளினேன். அலகு தடுக்கித் தடுக்கி ஓடியது. மேற்பரப்பில் குழிகுழியாக நார் பிய்ந்து எழுந்தது. அதே அலகு, அதே மரம், அதே கை. திசை மட்டும் வேறு.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் பிரான்சு என்பவர் 1958-இல் மரம் சீவப்படும் முறைபற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். சீவல் பிறக்கும் விதத்தை மூன்றாக அவர் பிரித்தார். முதல்வகையில் அலகுக்கு முன்னதாகவே மரம் பிளந்துகொண்டு ஓடுகிறது. ஆப்பு விறகைப் பிளப்பதுபோல. பிளவு நாரின் வழியே செல்லும். நார் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் பிளவும் மேலே வந்து முடிந்துவிடும், தீங்கில்லை. நார் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் பிளவு பலகைக்குள் இறங்கும். சீவல் ஒடிந்த இடத்தில் குழி மிஞ்சும். எனக்கு நேர்ந்தது இது. இரண்டாம் வகையில் பிளவு முந்தி ஓடுவதில்லை. அலகின் விளிம்பிலேயே மரம் வெட்டுண்டு தொடர்ச்சியான சீவலாக வழுக்கி மேலேறும். கண்ணாடிபோன்ற பரப்பைத் தருவது இதுவே. மூன்றாம் வகையில் நார்கள் அலகின்முன் நசுங்கி மடிகின்றன. பரப்பு பஞ்சுபோல் ஆகும். மழுங்கிய அலகு இதைத் தரும்.

பிளவு முந்தி ஓடுவதைத் தடுக்கத் தச்சர்கள் கண்ட வழி ஒன்று உண்டு. அலகின்மேல் இன்னொரு தகட்டை வைத்து, அதன் நுனி அலகின் விளிம்புக்கு மிக அருகில், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்குமாறு இறுக்குவது. மேலேறும் சீவல் உடனே இத்தகட்டில் மோதி முன்பக்கம் மடங்கும். நெம்புகோல்போல நீண்டு நின்று பிளவை இழுக்கும் வலு அதற்கு இல்லாமல் போகிறது. ஒரு மயிரிழை முன்னும் பின்னும் தகட்டை நகர்த்திப் பார்த்தால் முதல்வகைச் சீவல் இரண்டாம் வகையாவதைக் கண்முன் காணலாம். வகுப்பில் நான் எத்தனையோ செய்முறைகளைக் காட்டியிருக்கிறேன். இதைப்போல் ஒரு காரணமும் விளைவும் இவ்வளவு ஒட்டி நிற்பதைக் காட்டியதில்லை.

ஆசாரிக்கு இவ்வகைப்பாடு தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இழைக்கும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு நாற்காலிக் காலுக்குத் துளையில் செருகும் கழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். “எதிர்நார்ல போறீங்க, திருப்புங்க” என்பார், திரும்பாமலேயே. நார்வழி ஓடும் இழைப்புளி பட்டுச்சேலை கிழிவதுபோல் தொடர்ந்து சீறும். எதிர்நாரில் அது விக்கும். பிளவு ஓடுவதும் ஒடிவதும் மாறிமாறி நிகழ்வதால் எழும் ஒலி அந்த விக்கல். ஆறு மாதம் ஆயிற்று, என் செவிக்கு அது புலப்பட.

கைவாளைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெடுக்கே அறுக்கும் வாளின் பற்கள் சிறு உளிகள். குறுக்கே அறுக்கும் வாளின் பற்கள் சிறு கத்திகள். நாரை அதன் நீளத்தில் செதுக்கி எடுக்க உளி போதும். நாரைக் குறுக்கே துணிக்க இருபுறமும் கத்தி வேண்டும். சப்பானியத் தச்சர்கள் வாளைத் தம்மை நோக்கி இழுத்து அறுக்கிறார்கள்; அவர்கள் வாளின் தகடு மிக மெல்லியது. தள்ளும் வாள் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. நீண்டு மெலிந்த பொருளை நுனியில் அழுத்தினால் ஓர் எல்லைக்கு மேல் அது பக்கவாட்டில் வளைந்துபோகும் என்று லியோனார்டு ஆயிலர் 1744-இல் கணித்துக் காட்டினார். அந்த எல்லையைத் தாண்டாமலிருக்கத் தள்ளும் வாளுக்குத் தடிமன் தேவை. இழுக்கும் வாளோ கட்டிய கயிறுபோல் நேராக நிற்கும்.

அளவுகோலை ஆசாரி அரிதாகவே எடுத்தார். கதவுச் சட்டத்தின் துளை எவ்வளவு அகலம் என்று அளப்பதில்லை. துளை எடுத்த உளியின் அகலமே துளையின் அகலம், அதையே வைத்துக் கழுந்துக்குக் கோடு கீறுவார். எண்ணாக மாற்றி மீண்டும் எண்ணிலிருந்து பொருளுக்கு மாற்றும்போது இருமுறை பிழை புகும். பொருளிலிருந்து நேரே பொருளுக்குப் போனால் அந்தப் பிழைகளுக்கு வாயில் இல்லை. மூலைமட்டம் சரியா என்று சோதிக்கும் முறையும் அத்தகையதே. நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு கீற வேண்டும். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் அது செங்கோணம். மட்டத்தில் அரைப் பாகை பிழை இருந்தால் கோடுகள் ஒரு பாகை விலகி நிற்கும். கருவி தன் பிழையைத் தானே இருமடங்காக்கிக் காட்டிக்கொடுக்கிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். துளை எடுக்கும்போது கொட்டாப்புளியை ஓங்கி உளியின் தலையில் அடிக்க வேண்டும். கண் உளியின் நுனியில் இருக்கும். தலையை நோக்கக் கூடாது. ஆசாரியின் அடி ஒருமுறையும் தவறுவதில்லை. நான் அவருடைய தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் கூர்ந்து பார்த்து, அப்படியே செய்ய முயன்றேன். நாள்கணக்கில் தோற்றேன்.

நான் தோற்றதன் காரணத்தை மாசுக்கோவில் ஒருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறார். நிக்கொலாய் பெர்ன்சுட்டைன் என்னும் உடலியலார் 1920-களில் அங்கிருந்த நடுவண் உழைப்பு ஆய்வு நிலையத்தில், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளரை ஆராய்ந்தார். அவர்களின் மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, அசைவுகளை ஒளித்தடங்களாகப் படமெடுத்தார். தேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு முறையும் ஒரே அசைவைச் செய்கிறான் என்றுதான் எவரும் எண்ணுவர். படங்கள் வேறொன்றைக் காட்டின. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் வெவ்வேறு தடத்தில் சென்றன. சுத்தியலின் முகம் மட்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. தோளில் நேர்ந்த சிறு மாற்றத்தை முழங்கை ஈடுசெய்கிறது. முழங்கையின் பிழையை மணிக்கட்டு திருத்துகிறது. பயிற்சி என்பது ஒரே தீர்வைத் திரும்பச் செய்வதாகாது; தீர்வு காணும் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று அவர் விளக்கினார். ஆசாரியின் முழங்கையைப் பார்த்து நான் பயின்றதெல்லாம் வீண். பார்க்க வேண்டியது நுனியை.

நுனியைப் பார்ப்பது மட்டுமா? நுனியிலிருந்து உணர்வதும் உண்டு. 2018-இல் பிரான்சின் இலியோன் நகர ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண் மறைத்த ஒருவர் கையில் கோலொன்றைக் கொடுத்து, கோலின் ஏதோ ஓரிடத்தில் தட்டினால், எந்த இடத்தில் தட்டுப்பட்டது என்று அவரால் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்ல முடிந்தது. தட்டிய இடத்துக்கேற்பக் கோலில் எழும் அதிர்வு மாறுகிறது. உள்ளங்கைத் தோலிலுள்ள உணர்முனைகள் அந்த அதிர்வைப் படிக்கின்றன. மூளை கோலையே ஒரு நீண்ட உறுப்பாகக் கொண்டுவிடுகிறது. விரல்நுனியின் நுண்மையும் நாம் எண்ணுவதைவிடப் பெரிது. சுவீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டியபடி, ஒரு மில்லிமீட்டரில் எழுபதாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய, 13 நானோமீட்டர் உயர வரிகளையும் சமதளத்திலிருந்து விரல் வேறுபடுத்தி அறிகிறது. இழைத்த பலகையை ஆசாரி கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் தடவுவது ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

உளியை நான் இப்போது ஒரு புலனாகவே கருதுகிறேன். வெட்டும்போதே அது கேட்கிறது, தொடுகிறது. நார் எங்கே திரும்புகிறது, மரம் எங்கே மெலிந்திருக்கிறது, உள்ளே கணு ஒன்று மறைந்திருக்கிறதா என்பதை அதன் நுனி கைக்குச் சொல்கிறது. கை உடனே சாய்வை மாற்றுகிறது. மின்விசையால் சுழலும் கருவியை நான் பழிக்கவில்லை. நூறு கதவுகளை ஒரு திங்களில் செய்ய வேண்டியவருக்கு அது இன்றியமையாதது. ஆயினும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் அலகின் இரைச்சலில் மரத்தின் குரல் கைக்கு எட்டுவதில்லை. கற்பவன் முதலில் அந்தக் குரலைக் கேட்டுப் பழகட்டும், இயந்திரத்துக்குப் பிறகு போகட்டும் என்பதே என் எண்ணம். தொழிற்பள்ளிகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக இருப்பது என்னை வருத்துகிறது.

பசையைப்பற்றி ஒரு சொல். அந்தப் பட்டறையில் பழைய நாற்காலிகளைப் பழுதுபார்க்க இன்றும் வச்சிரம் காய்ச்சுகிறார்கள். விலங்குத் தோலைக் கொதிக்கவைத்து எடுத்த பசை. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கை தாங்காத சூட்டில், ஏறத்தாழ 60 பாகையில் உருக்குவார்கள். நேரே தீயில் வைத்தால் அதன் நீண்ட புரதச் சங்கிலிகள் அறுந்து பிடிப்பு கெடும். ஆறினால் கல்லாய் இறுகும். ஈரமும் வெப்பமும் கொடுத்தால் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இளகி, மூட்டைச் சேதமின்றிக் கழற்ற விடும். பின்னால் வரும் ஒரு தச்சனை எண்ணிச் செய்த வேலைக்கு அது ஏற்ற பசை.

இரண்டாம் ஆண்டுக் கார்த்திகையில் அந்தப் பெட்டிக்குப் புது மூடி செய்தேன். நான்கு சட்டங்கள், கழுந்தும் துளையுமாக நான்கு மூலைகள், உட்பக்கம் காடி, நடுவே பழைய மூடியிலிருந்து பிளவை நீக்கி ஒட்டிச் சேர்த்த பலகை. காடிக்குள் இருபுறமும் அரைநூல் இடம் விட்டேன். சட்டங்களைச் சேர்த்து இறுக்கப் போனபோது ஆசாரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். பலகையை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லி, காடிக்குள் மறையப்போகும் விளிம்பு உட்பட முழுவதற்கும் எண்ணெய் பூசச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத விளிம்புக்கு எதற்கு என்று கேட்டேன்.

“சித்திரையில பாருங்க தம்பி.”

சித்திரை வந்தது. பலகை தன் அளவில் சுருங்கி, இருபுறமும் காடியிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே வந்திருந்தது. பலகையின் ஆரவாட்டப் பகுதி சற்றுக் கூடுதலாக இருந்ததால் கணக்கு சொன்னதைவிடக் குறைவு. வெளியே வந்த அந்த மெல்லிய பட்டையும் பலகையின் நடுப்பகுதியைப்போலவே எண்ணெய் ஏறிப் பழுப்பாக இருந்தது. அவ்விடத்தைத் தேடிப் பார்த்தால் தவிர எவர் கண்ணுக்கும் தெரியாது. நான் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.